மண்ணுக்குப் பட்ட கடன்

தந்தை விட்டுச் சென்ற நிலத்தை மகன் பெறுகிறான். பட்டாவில் பெயர் மாறுகிறது. இனி அந்நிலம் அவனுடையது என்கிறது சட்டம். அறமோ மேலும் ஒன்று கேட்கிறது: பெற்றதை எந்நிலையில் விட்டுச் செல்வான்? நிலத்தை உடையவன் அதற்குத் தலைவனா, காவலனா? இவ்வினாவை ஆராய இரண்டு கொடிகளின் வரலாறு துணைசெய்யும். ஒன்று ஜோகூரின் மிளகுக்கொடி. மற்றொன்று தமிழகத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக்கொடி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆற்றங்கரை உரிமைச் சீட்டுப் பெற்ற ‘கங்சு’ என்னும் சீனத் தலைவர்களின் கீழ், ஜோகூரில் மிளகும் காம்பிரும் பயிராயின. தோல் பதனிட உதவும் காம்பிர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். அதற்காகச் சுற்றிலும் இருந்த காடு வெட்டப்பட்டது. காய்ச்சிய இலையின் சக்கை மிளகுக்கு எருவாயிற்று. இன்றைய இயற்கை வேளாண்மை போற்றும் முறையே அது. ஆயினும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் சோர்ந்தது, விறகு தீர்ந்தது, பயிரிட்டோர் புதிய காடு தேடிப் பெயர்ந்தனர். 1917இல் கங்சு முறையும் ஒழிக்கப்பட்டது. எரு இட்டும் மண் காக்கப்படாதது ஏன்? சிங்கப்பூர் வணிகரிடம் முன்பணம் பெற்று உழைத்தவர்க்குக் கடன் இருந்தது. அம்மண்ணில் நாளை என ஒன்று இருக்கவில்லை. நாளை இல்லாதவன் இன்றே அனைத்தையும் எடுத்துக்கொள்வான்.

கம்பத்தின் நிலை வேறு. பன்னீர்த் திராட்சையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அங்குக் கொணர்ந்தார் என்பர். இன்று சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில் குடும்ப நிலங்களின் பந்தல்களில் அது படர்ந்திருக்கிறது. பழமாகவும் சாறாகவும் மதுவாகவும் பயன்படும் அக்கனிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒருமுறை நட்ட கொடி பல்லாண்டு பலன் தருவது. எனவே நடுபவன் நாளையை எண்ணியே நடுகிறான்.

அவ்வாறாயின், குடும்ப உரிமை ஒன்றே மண்ணைக் காத்துவிடுமா? இல்லை. அடிச்சாம்பல் நோய் கண்ட பந்தலின் கீழ், கடனோடு நிற்கும் உழவன் மருந்தடிக்கவே விரைவான். இயற்கை வேளாண்மையும் முற்றும் குற்றமற்றதன்று. அது ஏற்கும் போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. அதிலுள்ள செம்பு அழியாமல் மண்ணில் தங்கும். அதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், ஓர் எக்டேருக்கு ஏழாண்டுகளில் 28 கிலோ செம்புக்கு மேல் இடலாகாது என வரையறுத்தது. ‘இயற்கை’ என்னும் பெயர் மனச்சான்றுக்கு விடுமுறை அளிப்பதில்லை. பழுதற்ற கனியைக் குறைந்த விலைக்குக் கேட்கும் நகரத்தாரும் இப்பழியில் பங்குடையவரே. காவல் கடமையை உழவன் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது.

உரிமை இருந்தும் பொறுப்புக் குன்றலாம். உரிமை இன்றியும் பொறுப்புத் தழைக்கலாம். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஜோகூரின் பால்மரக் காடுகளில் தமிழ்ப் பாட்டாளிகள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். பட்டை காயப்பட்டால் மரம் கெடும் என்று அறிந்து, அளவாய்ச் சீவினர். அம்மரங்களில் ஒன்றேனும் அவர்களுக்குச் சொந்தமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் இழந்து வெளியேறியோர் பலர். அக்கொடுமைக்கு மாற்றாகவே 1960இல், துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பேணியவரே உடையவராக வேண்டும் என்னும் நீதி அதில் செயலுருப் பெற்றது.

ஆகவே, மண் யாருக்குச் சொந்தம் என்பது பாதி வினாவே. அம்மண்ணுக்காக யாருக்கு விடை சொல்ல வேண்டும் என்பது மறுபாதி. முதல் பாதியைச் சட்டம் தீர்க்கும். இரண்டாம் பாதியை வளர்ப்புத்தான் தீர்க்க வேண்டும். பள்ளித் தோட்டத்தில் நீரூற்றும் சிறுவனுக்கு, அடுத்த ஆண்டு அவ்வகுப்புக்கு வரும் பிள்ளைகளை நினைவூட்டுக. அவர்களுக்கு அச்செடியை எந்நிலையில் ஒப்படைப்பாய் என்று கேட்குக. அவன் விடை சொல்லத் தொடங்கும்போதே அறக்கல்வி தொடங்கிவிடுகிறது.