காத்திருக்க வைப்பதும் அநீதியே

2022 ஜூலையில், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பெர்த் என்ற சிறு நகரத்து மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு ஏறத்தாழ மூன்று வாரம் மூடிக் கிடந்தது. கொரோனா பரவலோடு செவிலியர் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டதுதான் காரணம். அந்தக் கோடையில் மாகாணத்தின் வேறு பல சிற்றூர்களிலும் இரவுகளிலும் வார இறுதிகளிலும் அவசரப் பிரிவின் கதவு சாத்தப்பட்டது. நெஞ்சுவலி கண்டவரும் அடுத்த ஊர் தேடிப் போக வேண்டிய நிலை. அதே மாகாணத்தில், அதே வாரங்களில், பிலிப்பைன்ஸிலும் இந்தியாவிலும் நைஜீரியாவிலும் படித்து, வார்டுகளில் ஆண்டுக்கணக்கில் நின்று பழகிய ஆயிரக்கணக்கான செவிலியர்கள் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் முதியோர் இல்லங்களில் உதவியாளர்களாகப் படுக்கை விரித்தார்கள். சிலர் கடைகளில் கல்லாவில் நின்றார்கள். ஆகஸ்ட் மாதம் மாகாணச் சுகாதார அமைச்சர் சில்வியா ஜோன்ஸ், செவிலியரைப் பதிவு செய்யும் 'காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்டாரியோ' என்ற ஒழுங்காற்று அமைப்புக்கு, இவர்களை விரைந்து பதிவு செய்யுங்கள் என்று உத்தரவு அனுப்ப நேர்ந்தது.

அதன்பின் விதிகள் பல மாறியிருக்கின்றன. ஆனால் அந்தக் கோடை எழுப்பிய அறக்கேள்வி மாறவில்லை. ஒருவரின் தகுதி குறித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் பெற்றவர்கள், அந்தத் தீர்ப்பை எவ்வளவு காலம் சொல்லாமல் வைத்திருக்கலாம்? சோதிப்பது அவர்களின் கடமை; அதில் ஐயமில்லை. சோதனையை முடிக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுப்பது அநீதி. பொதுமக்களின் பாதுகாப்பு என்ற பெயரில் அது நடந்தாலும் அநீதியே.

வள்ளுவர் இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொண்டிருக்கிறார். 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரம் முழுவதும் ஆளைச் சோதித்துத் தேர்வது பற்றியது. குலம், குற்றம், குணம், செயல் என்று ஒவ்வொன்றாக ஆராயச் சொல்கிற அதே புலவர், அதிகாரத்தின் கடைசிக் குறளில் இரண்டு தவறுகளை ஒரே தட்டில் வைக்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்புவது ஒன்று. ஆராய்ந்து தேறியவரை மறுபடியும் சந்தேகிப்பது மற்றொன்று. இரண்டுமே தீராத துன்பம் தரும் என்பது அவர் முடிபு. முதல் தவற்றுக்குக் கனடாவின் பதிவு அமைப்புகள் நன்றாகவே அஞ்சுகின்றன. இரண்டாவதைத் தவறென்றே அவை நெடுங்காலம் கருதவில்லை.

மதுரையிலோ திருநெல்வேலியிலோ பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பதிவு பெற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த ஒருவரின் பாதையை எண்ணிப் பாருங்கள். 2014-இல் என்.என்.ஏ.எஸ். என்ற தேசிய மதிப்பீட்டுச் சேவை தொடங்கப்பட்டது. கியூபெக் நீங்கலாகப் பெரும்பாலான மாகாணங்களுக்கு அதுவே முதல் வாசல் ஆயிற்று. படித்த கல்லூரி, பாடத்திட்டத்தையும் வகுப்பு நேரங்களையும் மருத்துவமனைப் பயிற்சி நேரங்களையும் தானே நேரடியாக அனுப்ப வேண்டியிருந்தது. மாநில நர்சிங் கவுன்சில், பதிவு உண்மையென்று தானே எழுத வேண்டியிருந்தது. வேலை பார்த்த மருத்துவமனையும் அப்படியே. விண்ணப்பித்தவர் கையில் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. மூன்று அலுவலகங்களிலும் யாரோ ஒருவர் மனம் வைக்க வேண்டியிருந்தது. எல்லாம் போய்ச் சேர்ந்தபின், அந்தக் கல்வி கனடாவின் தொடக்கநிலைச் செவிலியர் கல்வியோடு ஒப்பிடப்பட்டது. அதன்பிறகே மாகாண அமைப்பின் முறை வந்தது. ஒன்டாரியோவில் மொழித்திறன் சான்று, மாகாணச் சட்டங்கள் பற்றிய தேர்வு, குற்றப் பின்னணிச் சோதனை, 2015 முதல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பொதுவாகிவிட்ட என்சிலெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்வு எல்லாம் உண்டு. கல்வியில் இடைவெளி இருப்பதாகச் சொன்னால் மேலும் படிக்க வேண்டியிருந்தது, தன் செலவில்.

இவற்றில் தனித்தனியாக எதையும் குறை சொல்வதற்கில்லை. கொடுமை, இவை ஒன்றையொன்று தின்பதில் இருக்கிறது. ஒன்டாரியோ விதிப்படி அண்மைய மூன்று ஆண்டுக்குள் செவிலியராகப் பணியாற்றியிருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டில் காலாவதியாகும். காகிதங்கள் மேசை மாறி மேசை நகரும் காலத்தில் இந்த இரண்டு கெடுக்களும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. தகுதியோடு வந்தவர் வரிசையில் நின்றதாலேயே தகுதி இழக்கிறார். தாமதம் யாருடையதோ அவர்களுக்கு இழப்பில்லை. தாமதத்தில் கையே இல்லாதவர் மறுபடி தேர்வுக் கட்டணம் கட்டுகிறார், மறுபடி அனுபவம் தேடுகிறார். பதிவில்லாமல் அந்த அனுபவத்தைக் கனடாவில் பெறுவதும் எளிதன்று. ஒருவர் செய்த பிழைக்கு இன்னொருவர் தண்டம் கட்டுவதை எந்த நாட்டு அறநூலும் நீதி என்று சொன்னதில்லை.

சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் அதியமானிடம் பரிசில் நாடிச் சென்றபோது, அவன் அவரை நேரில் காணாமலே பொருள் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்க மறுத்த பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தம் புலமையை அறிந்து அளிப்பது தினையளவாயினும் போதும் என்பது அவர் நிலை. கொடுக்கும்போதே நேரில் கண்டு கொடு என்று கேட்ட மரபு இது. மறுக்கும்போது? ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லாமல், ஊசி போடச் சொல்லாமல், மயக்கமுற்றவரைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லாமல், காகிதத்தில் உள்ள வகுப்பு நேரங்களைக் கூட்டிக் கழித்து ஒரு வாழ்நாள் தொழிலுக்கு விடை சொல்வது எப்படித் தகும்? ஔவையாரும் அதே அதியமானின் வாயிலில் காத்திருந்து மனம் நொந்து பாடியிருக்கிறார். கைத்தொழில் வல்லவர்க்கு எத்திசையிலும் பிழைப்பு உண்டு என்பது அவர் சொன்ன விடை. காத்திருக்க மனமில்லாத செவிலியர்கள் என்சிலெக்ஸ் எழுதி அமெரிக்காவுக்குப் போய்விடும் இன்றைய நிலையை ஒன்டாரியோ அந்தப் பாட்டின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

அநீதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. கனடாவில் குடியேற்றத்தைப் பெருமளவு மத்திய அரசு பார்க்கிறது; தொழில் உரிமம் மாகாணங்களின் கையில். செவிலியர் வேண்டும் என்று உலகெங்கும் அழைத்தது அந்த நாடுதான். 2023 ஜூன் இறுதியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறையில் சுகாதாரத் துறையினருக்கென்றே தனிச் சுற்று தொடங்கியது. நர்சிங் பட்டத்துக்கும் அனுபவத்துக்கும் மதிப்பெண் போட்டு நிரந்தர வதிவிட உரிமை தருகிறார்கள். வந்து இறங்கியபின், எந்தப் பட்டத்துக்காக அழைத்தார்களோ அந்தப் பட்டமே போதாது என்று மாகாணம் சொல்லக்கூடும். அழைத்தவர் வேறு, மறுத்தவர் வேறு என்பது ஆட்சிமுறை விளக்கம்; வீட்டை விற்று, பிள்ளைகளைப் பள்ளி மாற்றி வந்தவருக்கு அழைத்தது ஒரே நாடுதான். விருந்தினரை வெளியே நிறுத்திவிட்டு அமுதமே ஆனாலும் தனித்து உண்ணல் ஆகாது என்று 'விருந்தோம்பல்' அதிகாரம் சொல்கிறது. இங்கே விருந்தினர் கேட்பது உணவும் அல்ல, உழைக்க அனுமதி.

வேறு வழி இல்லை என்பதும் உண்மையன்று. 2023-இல் நோவா ஸ்கோஷியா மாகாணம், இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஏழு நாடுகளில் பதிவு பெற்ற செவிலியருக்கு விரைவுப் பாதை திறந்தது. நீண்ட கல்வி ஒப்பீடு போயிற்று. தேர்வு மட்டும் எஞ்சியது. கனடாவின் உள்நாட்டு வணிக உடன்பாட்டின்படி ஒரு மாகாணத்தில் உரிமம் பெற்றவரை மற்ற மாகாணங்கள் ஏற்க வேண்டும். ஆக, ஒன்டாரியோவில் போதாதவர் என்று நிறுத்தப்பட்ட ஒருவர், நோவா ஸ்கோஷியாவில் பதிவு பெற்றுத் திரும்பி வந்தால் அதே ஒன்டாரியோவில் போதுமானவர் ஆகிவிடுகிறார். அவரது அறிவில் ஓர் எழுத்தும் கூடவில்லை. தகுதியை அளந்த கோல் நேரானது என்றால் இது எப்படி நடக்கும்? 'நடுவு நிலைமை' அதிகாரம் சான்றோரைத் துலாக்கோலுக்கு ஒப்பிடுகிறது. மாகாண எல்லை தாண்டியதும் எடை மாறும் துலாக்கோலை வள்ளுவர் அறியார்.

நோயாளியின் உயிர் பெரிதில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிதுதான். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் பட்டங்கள் விற்கப்பட்டது வெளிவந்தபோது, சான்றிதழ் சோதனையின் தேவை எல்லாருக்கும் விளங்கியது. ஆனால் கனடாவை உலுக்கிய கொடுமைகளை நினைத்துப் பாருங்கள். எட்டு முதியவர்களை இன்சுலின் ஏற்றிக் கொன்று 2017-இல் ஆயுள் தண்டனை பெற்றவர் ஒன்டாரியோவிலேயே பதிவு பெற்றிருந்த செவிலியர். உரிமமே இல்லாமல் இன்னொரு செவிலியரின் பெயரில் வான்கூவர் மருத்துவமனையில் ஓராண்டு வேலை பார்த்தவரும் வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்தவர் அல்லர். அயலாரை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்ததால் இவற்றில் ஒன்றும் தடுக்கப்படவில்லை. மேலும், பாதுகாப்பு என்பது படுக்கையருகே ஆள் இருப்பதையும் சேர்த்ததுதான். 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பார்ப்பவரையும் நான்காவது உறுப்பாக எண்ணினார் வள்ளுவர். அந்த நான்காமவர் இல்லாத வார்டு பாதுகாப்பான வார்டு ஆகாது.

ஏழை நாடுகளின் செவிலியரைப் பணக்கார நாடுகள் கவர்வது தகுமா என்ற கேள்வியும் எழும். 2010-இல் உலக சுகாதார அமைப்பு இதற்கென நெறிமுறை வகுத்தது. வேறொரு கட்டுரைக்குரிய பெரிய கேள்வி அது. ஆனால் அதைக் காட்டி இந்தத் தாமதத்தை நியாயப்படுத்த முடியாது. டொராண்டோவில் கல்லாவில் நிற்கும் செவிலியரால் நைஜீரியாவின் லாகோஸ் மருத்துவமனைக்கு ஒரு பயனும் இல்லை. இரண்டு நாட்டு நோயாளிகளும் அவரை இழக்கிறார்கள்.

சரியான வழி ஓரளவு தெரிந்தும் இருக்கிறது. 2022 ஜனவரியில் ஒன்டாரியோ தொடங்கிய மேற்பார்வைப் பணிப் பயிற்சித் திட்டத்தில், விண்ணப்பித்தவர் மருத்துவமனையில் மூத்த செவிலியர் ஒருவரின் கண்காணிப்பில் வேலை செய்து தம் திறனையும் மொழியையும் நிரூபிக்கலாம். பெருஞ்சித்திரனார் கேட்டது போல நேரில் கண்டு அறியும் முறை. 2023-இல் பிரிட்டிஷ் கொலம்பியா, மதிப்பீட்டுக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தது. தொழில் உரிமம் தரும் அமைப்புகள் வெளிப்படையாகவும் புறவயமாகவும் பாரபட்சமின்றியும் நேர்மையாகவும் நடக்க வேண்டும் என்று ஒன்டாரியோவில் 2006-லேயே சட்டம் வந்துவிட்டது; கண்காணிக்க ஆணையர் அலுவலகமும் உண்டு. இந்தச் சட்டம் இருந்த காலத்தில்தான் 2022-இன் கோடையும் வந்தது. எளிதில் அணுக முடியாதவனாய், ஆராய்ந்து முறை செய்யாத மன்னன் தானே கெடுவான் என்று 'செங்கோன்மை' அதிகாரம் எச்சரிக்கிறது. மனுநீதிச் சோழனின் வாயிலில் மணி கட்டியிருந்ததால்தான் கன்றை இழந்த பசு கூட முறையிட முடிந்தது. விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க ஒரு மனிதக் குரலும் கிடைக்காத இணையதளப் பக்கத்தின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மணியும் இல்லை.

பதிவு அமைப்புகள் செய்ய வேண்டியவை இவை. ஆவணங்கள் வந்து சேர்ந்த நாளிலிருந்து எத்தனை நாளில் விடை என்று சட்டப்படி கெடு விதித்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் எந்தத் திறன் குறைகிறது, அதை எங்கே, எவ்வளவு காலத்தில் ஈடுகட்டலாம் என்று எழுதித் தர வேண்டும். அமைப்பின் தாமதத்தால் காலாவதியான மொழிச் சான்றையும் பணி அனுபவத்தையும் விண்ணப்பித்த நாளின் கணக்கிலேயே ஏற்க வேண்டும். ஸ்கார்பரோவிலும் பிராம்ப்டனிலும் மார்க்கத்திலும் வாக்குரிமை பெற்று வாழும் தமிழர்கள், அடுத்த மாகாணத் தேர்தலில் தம் வாசலுக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இந்த மூன்றையும் கேளுங்கள். செவிலியர் பதிவுச் சட்டத்தை எழுதுவதும் திருத்துவதும் மாகாணச் சட்டமன்றமே.