தண்ணீர் போகும் வழி

2017-ல் எனக்கு இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் வேலை கிடைத்தது. ஷிப்ட் பஸ் ஏறத் தோதாகச் செம்பரம்பாக்கத்தில் வீடு பார்த்திருப்பதாகக் கணவர் சொன்னதும், வேலையே வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. வேறு எந்த ஊர் என்றாலும் போயிருப்பேன்.

2015 டிசம்பர் 1 இரவு நாங்கள் ஜாபர்கான்பேட்டையில், தரைத்தள வீட்டில் இருந்தோம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட இரவு. செருப்புகள் மிதந்து கட்டில் காலில் இடிக்கிற சத்தத்தில்தான் விழித்தேன். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீரும் படி படியாக ஏறிவந்தது. அதற்குப் பிறகு செம்பரம்பாக்கம் என்பது எனக்கு ஓர் ஊரின் பெயராகவே இல்லை.

குடிவந்தோம். மொட்டைமாடியில் நின்றால் ஏரிக்கரை தெரியும் என்பதால் இரண்டு வருடம் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன். பக்கத்து வீட்டு ஆயா ஒருநாள் கேட்டேவிட்டார். சொன்னேன். "ஏரி அது பாட்டுக்கு இருக்குதும்மா. தண்ணி போற வழியில போய்ப் படுத்துக்கினா அது இன்னா பண்ணும்?" என்றார். அப்போது அந்தப் பேச்சு சுட்டது.

2019 கோடையில் சென்னையே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது. ஏரி வற்றிப்போனது. ஆயாதான் என் கையைப் பிடித்து ஏரிக்குள் கூட்டிப்போனார். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. என்னை விரட்டிய தண்ணீர் இருந்த இடத்தில் நின்றேன். அழுகை வந்தது, பயத்தினால் இல்லை. 24 அடி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மாடு புல் தேடிக்கொண்டிருந்தது.

அதன்பின் ஏரியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகப் போய்த் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பினாலும் அந்த ஆற்றுக்குத்தான் வரும். நான் அஞ்சியதெல்லாம் உண்மை. ஆனால் ஆபத்து இருந்தது ஏரிக்கரையில் இல்லை, ஆறு படுத்திருந்த இடத்தில் நான் கட்டில் போட்டிருந்த ஜாபர்கான்பேட்டையில். 'பயத்தை உதறு' என்று சொல்பவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. உதறியிருந்தால் இதையெல்லாம் கேட்டறிந்திருக்க மாட்டேன்.

2020 நவம்பர் 25, நிவர் புயல் கரையை நெருங்கிய நாள். ஏரி 22 அடியைத் தொட்டதும் நண்பகலில் மதகைத் திறந்தார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. முதலில் 1,000 கன அடி. செய்தி கேட்டதும் கை நடுங்கியது, மறைக்க ஒன்றுமில்லை. மொட்டைமாடிக்கு ஏறி, மழையில் நின்று கரையைப் பார்த்தேன். பிறகு கீழே வந்து, ஜாபர்கான்பேட்டையில் எங்களுக்குப் பின் அதே தரைத்தளத்துக்குக் குடிவந்த பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இப்போதைக்கு ஆயிரம்தான். ராத்திரி கூட்டுவாங்க. பிள்ளையோட சர்டிபிகேட், அரிசி, கேஸ் அடுப்பு, மூணையும் இப்பவே மேலே ஏத்திருங்க. நான் மறுபடி கூப்பிடுறேன்."