அடிபட்ட தோள்கள்தான் அணியைத் தாங்கும்

தோற்றவனைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்தத் தோற்றவன் நீங்களாகவே இருந்தால், கண்டிப்பாக எறிந்துவிடாதீர்கள்!

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்று கேட்கிறீர்களா? அதற்கான சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. ஆன் ஆர்பர் நகரத்து மிச்சிகன் பல்கலைக்கழகம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரும் மைதானம் அதற்கு உண்டு. அங்கே ஆடுவது பந்தைக் கையில் ஏந்தி, எதிராளியை முட்டித் தள்ளி, அங்குலம் அங்குலமாக முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து.

அந்த ஒரே மைதானத்துக்கு 2008 முதல் 2015 வரை மூன்று புதிய தலைமைப் பயிற்சியாளர்கள் வந்தார்கள். அவரவர் முதல் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். ரிச் ரோட்ரிகஸ், 2008: 3 வெற்றி, 9 தோல்வி. பிராடி ஹோக், 2011: 11 வெற்றி, 2 தோல்வி. ஜிம் ஹார்பா, 2015: 10 வெற்றி, 3 தோல்வி.

ஒரே சீருடை, ஒரே மைதானம், ஒரே பாரம்பரியம். முதலாமவர் மட்டும் ஏன் அப்படிச் சரிந்தார்? மற்ற இருவரும் வந்த வேகத்தில் எப்படி நிமிர்ந்தார்கள்? பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்தால் விடை கிடைக்காது. அவருக்குக் கிடைத்த ஐந்து பேரின் தோள்களைப் பாருங்கள்.

கைத்தட்டல் கேட்காத ஐவர்

ஆஃபென்சிவ் லைன் என்பார்கள். பந்து தங்கள் அணியிடம் இருக்கும்போது முன்வரிசையில் நிற்கும் ஐவர்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், ஓரங்களில் இரண்டு டேக்கிள்கள். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 136 கிலோ எடை. 50 முதல் 79 வரைதான் அவர்களுடைய சட்டை எண். வழக்கமான ஆட்டத்தில் முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க விதி அவர்களை அனுமதிப்பதில்லை. எத்தனை யார்டு ஓடினார், எத்தனை பந்து பிடித்தார் என்று மறுநாள் பத்திரிகை போடும் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. தவறு செய்தால் மட்டும் நடுவர் எண்ணைச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பார்!

ஆனால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்குக் கிடைக்கிற இரண்டரை, மூன்று வினாடி அவகாசம் இவர்கள் உடம்பைக் கொடுத்து வாங்கித் தருவது. பந்தோடு ஓடுகிறவர் நுழையும் சந்து இவர்கள் பிளந்து கொடுத்தது. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களை ஊரே பார்க்கிறது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? தேர் திரும்புவதும் நிற்பதும் அவர் கையில் அல்லவா இருக்கிறது?

மூன்று பேர், மூன்று வரிசைகள்

2008. ரோட்ரிகஸ் வந்தார். மேற்கு வர்ஜீனியாவில் கொடி நாட்டிய, வேகமான ஆட்டமுறைக்குப் பெயர்போன மூளைக்காரர். ஆனால் அவர் வந்தபோது முன்வரிசையின் தூண்கள் இல்லை. இடது டேக்கிள் ஜேக் லாங் அந்த ஆண்டு தொழில்முறை அணிகளின் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக மயாமி அணிக்குப் போய்விட்டார். வேறு சிலரும் வெளியேறிவிட்டார்கள். மிஞ்சியது பச்சைப் பிள்ளைகள். டொலீடோ என்ற சிறிய பல்கலைக்கழக அணியிடம் சொந்த மண்ணிலேயே 13-10 என்று தோற்றார்கள். தொடர்ந்து 33 ஆண்டுகள் பருவத்தின் முடிவில் 'பௌல்' ஆட்டத்துக்குப் போன அணி, அந்த ஆண்டு வீட்டில் உட்கார்ந்தது. நல்ல மூளை இருந்தது. அதைத் தாங்கத் தோள் இல்லை.

அந்த அவமான ஆண்டில் வரிசையின் நடுவில் நின்றவர் டேவிட் மோல்க் என்ற இளைஞர். வாரம் தவறாமல் முட்டப்பட்டார், தள்ளப்பட்டார். ஓடிப் போனாரா? நின்றார். மூன்று ஆண்டுகள் கழித்து ரோட்ரிகஸ் நீக்கப்பட்டு ஹோக் வந்தபோது, அதே மோல்க் முதிர்ந்த சென்டராகக் காத்திருந்தார். 2011-இல் நாட்டின் சிறந்த கல்லூரி சென்டருக்கான ரிமிங்டன் விருது அவருக்குத்தான். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டமான சுகர் பௌலுக்கு முன், உடலைச் சூடேற்றும் பயிற்சியிலேயே பாதத்தில் காயம். ஆனாலும் ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் களத்துக்குள் இறங்கிவிட்டார். மிச்சிகன் 23-20 என்று வென்றது. புதிய பயிற்சியாளரின் கழுத்தில் மாலை விழுந்தது. அதற்கான பூ 2008-இன் புழுதியில் பூத்தது!

கதை இங்கே முடிந்துவிடவில்லை. மோல்க்கின் தலைமுறை பட்டம் பெற்றுப் போனதும், ஹோக்கின் வரிசையின் நடுப்பகுதி மறுபடி இளசுகளின் கைக்கு வந்தது. 2013 நவம்பர் 2. மிச்சிகன் ஸ்டேட் அணிக்கு எதிராக ஆட்டம் முழுவதும் பந்தோடு ஓடி அவர்கள் எடுத்தது மைனஸ் 48 யார்டு! குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்பட்டு இழந்த தூரமும் கல்லூரி ஆட்டத்தில் இந்தக் கணக்கில்தான் சேரும். அன்று அவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். 29-6 என்று தோல்வி. அடுத்த ஆண்டு 5 வெற்றி, 7 தோல்வி. ஹோக்கின் வேலை போயிற்று.

2015-இல் ஹார்பா வந்தார். அவருக்குக் கிடைத்த வரிசை எது தெரியுமா? மேசன் கோல், பென் பிரேடன், கிரஹாம் கிளாஸ்கோ, கைல் காலிஸ், எரிக் மேக்னசன். ஐவருமே தோற்ற ஆண்டுகளில் களம் கண்டவர்கள். கோல் 2014-இல் கல்லூரியில் கால் வைத்த முதலாண்டிலேயே இடது டேக்கிளாக இறக்கிவிடப்பட்டவர். கிளாஸ்கோ விளையாட்டு உதவித்தொகை இல்லாமல், 'நானும் வருகிறேன்' என்று தானாக வந்து சேர்ந்தவர். ஊர் சிரித்த அதே வரிசை, பருவத்தின் இறுதி ஆட்டத்தில் புளோரிடா அணியை 41-7 என்று நொறுக்கிய அணியின் முன்னால் நின்றது. உதவித்தொகை இல்லாமல் வந்த கிளாஸ்கோவைத் தொழில்முறை அணியான டெட்ராய்ட் லயன்ஸ் 2016-இல் மூன்றாம் சுற்றில் தேர்ந்தெடுத்தது.

ஐவர் மட்டுமே எல்லாம் என்று சொல்ல வரவில்லை. ஹார்பாவின் அணி தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காத தற்காப்பைக் கொண்டிருந்தது. அயோவாவிலிருந்து வந்த ஜேக் ரூடாக் என்ற அனுபவமுள்ள குவார்ட்டர்பேக்கும் இருந்தார். ஆனால் அந்த ரூடாக் நிமிர்ந்து நின்று எறிய இடம் வேண்டாமா? அந்த இடத்தைத் திட்டப் பலகையில் வரைந்து உண்டாக்க முடியாது.

நட்சத்திரம் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் 2023-இன் கொலராடோவைப் பாருங்கள். புகழின் உச்சியில் இருந்த டியான் சாண்டர்ஸ் புதிய பயிற்சியாளர். அவர் மகன் ஷெடூர் அபாரமான குவார்ட்டர்பேக். அணியில் பெரும்பாலும் புதுமுகங்கள். முதல் மூன்று ஆட்டமும் வெற்றி, நாடே கொண்டாடியது. பருவம் முடிந்தபோது 4 வெற்றி, 8 தோல்வி. ஷெடூர் பந்தோடு வீழ்த்தப்பட்டது 52 முறை!

அனுபவம் எங்கே விளைகிறது?

வயது ஏறினால் அனுபவம் வந்துவிடும் என்பது சோம்பேறிகளின் கணக்கு. முன்வரிசை வீரன் தோற்ற மறுநாள் என்ன செய்கிறான்? ஆட்டத்தின் வீடியோவைப் போட்டு உட்காருகிறான். 'இங்கே என் இடது கால் பிந்தியது. இங்கே எதிரணியின் இருவர் குறுக்கே இடம் மாறினார்கள். நான் என் ஆளையே துரத்திக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவனிடம் கைமாற்றி விட்டிருக்க வேண்டும்.' இப்படி அடி அடியாகப் பார்க்கிறான். பார்த்துவிட்டு எடைப்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான்.

இன்னொன்றும் நடக்கிறது. பக்கத்தில் நிற்பவனின் மூச்சு அவனுக்குப் பழகுகிறது. எதிரி ஊரில் லட்சம் பேர் கத்தும்போது வாய்ச்சொல் கேட்காது. சென்டரின் தலையசைப்பைப் பார்த்து ஐந்து உடம்பும் ஒரே கணத்தில் கிளம்ப வேண்டும். அந்த ஒத்திசைவைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. சேர்ந்து அடி வாங்கியவர்களுக்குத்தான் அது வாய்க்கும். 2015 முதல் வழங்கப்படும் ஜோ மூர் விருது தனி ஒருவருக்குக் கொடுக்கப்படுவதில்லை. நாட்டின் சிறந்த முன்வரிசை முழுவதற்கும் ஒன்றாகக் கொடுக்கிறார்கள். 2020-இல் 2 வெற்றி, 4 தோல்வி என்று விழுந்த ஹார்பாவின் அணி, 2021-லும் 2022-லும் அந்த விருதைத் தொடர்ந்து வென்றது. விழுவதும் எழுவதும் அந்த ஊருக்குப் பழகிவிட்டது!

இப்போது உங்களைக் கேட்கிறேன்

புதிதாகப் பொறுப்பேற்றவரா நீங்கள்? பள்ளிக்குத் தலைமையாசிரியராக, அலுவலகத்துக்கு மேலாளராக, அப்பா விட்டுப்போன கடைக்கு முதலாளியாக வந்திருக்கிறீர்களா? முதல் நாளே பழைய ஆட்களை மாற்றத் துடிக்காதீர்கள். போன மோசமான ஆண்டுகளில் ஓடிப்போகாமல் நின்றவர் யார் என்று விசாரியுங்கள். மேசைக்கு முன்னால் வந்து பேசுபவராக அவர் இருக்க மாட்டார். தேடிப் போங்கள். 'எங்கே அடி விழுந்தது? ஏன் விழுந்தது?' என்று கேளுங்கள். அவர் சொல்வதில்தான் உங்கள் முதல் வெற்றி இருக்கிறது. அப்படி ஒருவருமே இல்லையா? துணிவோடு இளையவர்களை நிறுத்துங்கள். முதல் ஆண்டே மாலை விழும் என்று மட்டும் உங்களையும் அவர்களையும் ஏமாற்றாதீர்கள்.

அல்லது, அடி வாங்கிக்கொண்டிருப்பவரா நீங்கள்? தேர்வில் தோற்று, வியாபாரத்தில் நட்டப்பட்டு, உழைப்புக்குப் பெயர் கிடைக்காமல் மூலையில் நிற்கிறீர்களா? நிமிருங்கள்! மைனஸ் 48 எடுத்த அணியில் இருந்தவர்களைவிடவா நீங்கள் கீழே விழுந்துவிட்டீர்கள்? அவர்களை உலகம் கைகழுவிய நாளில், அவர்கள் தங்களைத் தாங்களே கைகழுவவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்! வெறுமனே வலித்துக்கொண்டிருந்தால் பயனில்லை. விழுந்ததைத் திரும்பப் பாருங்கள். எந்தக் கால் பிந்தியது என்று கண்டுபிடியுங்கள். அந்த ஒரு காலைத் திருத்துங்கள். வாங்கிய அடி அப்போதுதான் உங்கள் சொத்தாகும்.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒரு மோதல் முடிந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். அடுத்த மோதலைத் தொடங்க 40 வினாடிதான். கீழே விழுந்தவன் வலியை நினைப்பதற்கும் அதே 40 வினாடி. எழுந்து, மண்ணைத் தட்டி, தன் இடத்தில் கால் ஊன்றுவதற்கும் அதே 40 வினாடி. உங்கள் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிட்டது. எழுந்து வரிசைக்கு வாருங்கள்!