பொறியாளர்கள் ஆண்டால் போதுமா?



ஒரு தப்பை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கணும். 2022 நவம்பர் 19-ஆம் தேதி நம் நாட்டின் 15-ஆவது பொதுத்தேர்தல் நடந்தது. 18 வயதானவர்கள் ஓட்டுப் போட முடிந்த முதல் பொதுத்தேர்தல் அது. அப்போது எனக்கு வயது 19. என் பெயர் சிரம்பானில் பதிவாகியிருந்தது. நான் ஊருக்குப் போகவில்லை. விடுதி அறையில் படுத்துத் தூங்கினேன். லோபாக்கில் என் பாட்டி முட்டி வலியோடு, பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். ராத்திரி போனில் கேட்டார்: "நீ போட்டியா ஐயா?"

"போட்டா மட்டும் என்னா ஆகப்போவுது பாட்டி?" என்றேன்.

அந்தப் பதில் என்னுடையது இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு சீனியர் அண்ணனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டது. அவரைச் சுற்றி எட்டு, பத்துப் பேர் கொண்ட ஒரு சிறு வட்டம் இருந்தது. வாரம் ஒருமுறை கூடுவார்கள். அவர்கள் கொள்கை ரொம்ப எளிமையானது. அரசியல்வாதிகளும் தேர்தலும் வேண்டாம். பொறியாளர், மருத்துவர், பொருளாதார நிபுணர் எல்லாம் சேர்ந்த ஒரு மன்றம் நாட்டை நடத்தட்டும். ஆங்கிலத்தில் டெக்னோகிரசி என்பார்கள். நாம் வல்லுநர் ஆட்சி என்று சொல்லலாம்.

அண்ணன் கேட்பார்: "தம்பி, பாலம் எப்படிக் கட்டணும்னு ஊர்ல ஓட்டெடுப்பா நடத்துறாங்க? விமானத்த ஓட்ட பயணிங்க கிட்ட ஓட்டுக் கேக்குறாங்களா? அப்புறம் நாட்டுக்கு மட்டும் ஏன்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்தும் இருந்தது. மக்கள் தொகையில் 7 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கிற சமூகம் நம்முடையது. நம் ஓட்டால் என்ன மாறும் என்ற சலிப்பு நம் வீடுகளில் புதுசு இல்லை. "வல்லுநர் ஆட்சி வந்தா இனம் பாக்காது, மார்க்கு பாக்கும்" என்று அண்ணன் சொன்னபோது ஒரு தமிழ்ப் பையனுக்கு எவ்வளவு ஆசையாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு நானே கொஞ்சம் தேடிப் படித்தேன். இந்த எண்ணம் இன்றைக்கு நேற்று வந்தது இல்லை. 1929-இல் அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து, கோடிக்கணக்கானோர் வேலை இழந்த காலம். 1932-இல் ஹோவர்ட் ஸ்காட் என்பவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவோடு சேர்ந்து நாட்டின் எரிசக்தி, உற்பத்திக் கணக்குகளை ஆராய்ந்தார். பணத்தையும் விலையையும் ஒழித்துவிட்டு, எரிசக்தியை அளவாக வைத்து எல்லாருக்கும் பங்கு கொடுக்கலாம், அரசியல்வாதிகளே தேவையில்லை என்றார்கள். சில மாதம் பத்திரிகைகள் எல்லாம் இதே பேச்சு. அப்புறம் ஸ்காட்டின் பொறியியல் தகுதி பற்றியே கேள்வி எழுந்தது. 1933 ஜனவரியில் அவர் வானொலியில் பேசிய பேச்சு சொதப்பியது. பல்கலைக்கழகமும் கையைக் கழுவிக்கொண்டது.

ஆனாலும் இயக்கம் நிற்கவில்லை. உறுப்பினர்கள் சாம்பல் நிறச் சீருடை போட்டார்கள், கார்களுக்கும் அதே சாம்பல் வண்ணம் அடித்தார்கள். கனடா அரசு 1940-இல் அதைத் தடை செய்து, 1943-இல் தடையை நீக்கியது. அங்கே அதன் தலைவர்களில் ஒருவராக இருந்த ஜோஷுவா ஹால்டமன்தான் இன்றைய ஈலோன் மஸ்க்கின் தாத்தா.

அதில் இருந்தவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று சொல்ல வரவில்லை. ஸ்காட்டோடு சேர்ந்து அதை உருவாக்கிய கிங் ஹப்பர்ட் பெரிய புவியியல் அறிஞர். அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கும் என்று 1956-இல் கணித்தார். பலர் எதிர்த்தார்கள். ஆனால் 1970-இல் அப்படியே நடந்தது. பல ஆண்டுகள் கழித்து, பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் புது முறை வந்து அந்த உச்சத்தையும் தாண்டியது. இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. எண்ணெய்க் கணிப்பை அவர் எல்லார் முன்னாலும் வைத்தார். தப்பா சரியா என்று காலம் காட்டியது. எங்கே பிடித்தது, எங்கே பிடிக்கவில்லை என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. அவர் சேர்ந்திருந்த இயக்கத்தின் ஆட்சித் திட்டமோ ஒரு ஊரில்கூடச் சோதிக்கப்படவில்லை. சோதித்துப் பார்க்காத மருந்தை ஒரு கண்டத்துக்கே கொடுக்கச் சொன்னார்கள்.

சின்ன இயக்கங்களுக்கு உள்ள வசதியே இதுதான். அறைக்குள் இருக்கும் பத்துப் பேரும் ஏற்கெனவே தலையாட்டுகிறவர்கள். வெளியே இருப்பவரைச் சம்மதிக்க வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் தங்கள் திட்டத்தின் ஓட்டை அவர்களுக்குத் தெரிவதும் இல்லை. சின்னதாக இருப்பது தப்பு இல்லை, நம் இளைஞர் இயக்கங்களும் சின்னதாகத்தான் ஆரம்பித்தன. "நாங்க சொல்றது சரியானதுனால யாரையும் கேக்க வேணாம்" என்பதுதான் தப்பு.

எனக்கு இது உறைத்தது புத்தகத்தால் இல்லை, பாட்டியின் கைவிரல்களால். செமஸ்டர் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். பாட்டிக்கு நகம் வெட்டிவிடும்போது, "ஏன் பாட்டி நகமெல்லாம் இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"மருந்தடிச்ச கை ஐயா" என்றார்.

தோட்டத்தில் பாட்டி பல வருஷம் மருந்தடிப்பு வேலை செய்தவர். காலையில் பெரட்டு முடிந்ததும் முதுகில் பம்பைத் தூக்கிக்கொண்டு, பால்மரக் காட்டிலும் பிறகு செம்பனைக் காட்டிலும் புல்லுக்கு மருந்தடிப்பார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். பம்பு ஒழுகினால் முதுகு நனையும். காற்று திரும்பினால் முகத்தில் அடிக்கும். நகம் கறுத்து விழும், மூக்கில் ரத்தம் வரும் என்றார்.

அந்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். அதைக் குடித்துவிட்டால் முறிக்கிறதற்கு மாற்று மருந்து கிடையாது. சுவிட்சர்லாந்து 1989-லேயே அதைத் தடை செய்துவிட்டது. தெனாகானிதா அமைப்பு தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களிடம் ஆய்வு நடத்தி, 2002-இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு நம் அரசும் அதைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது.

இத்தனை வருஷமும் இரண்டு பக்கமும் வல்லுநர்கள் இருந்தார்கள். "முறையாகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை" என்றார்கள் ஒரு பக்கம். ஆய்வுக்கூடத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் நம் வெயிலில், மேட்டிலும் பள்ளத்திலும், முகமூடியும் கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு நாள் முழுக்க மருந்தடிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை பாட்டியிடம் இருந்தது. பாட்டியை யாரும் கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் பழைய தோட்டமே ஒரு சின்ன வல்லுநர் ஆட்சிதான். எந்த மரம் நடுவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை பால் வெட்டுவது, எந்த மருந்து அடிப்பது, எல்லாம் கணக்குப்படி நடந்தது. துரை முடிவெடுப்பார், கிராணி எழுதுவார், மண்டோர் வேலை வாங்குவார். மரத்தைப் பற்றி அவர்களுக்கு நன்றாகவே தெரியும். லயத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் வாய் இல்லை. என் பாட்டி வாழ்ந்து முடித்த ஆட்சியைத்தான் அந்த அண்ணன் எனக்குப் புதுசு மாதிரி விற்றிருக்கிறார்.

இப்போது அண்ணனின் பாலத்துக்கு வருவோம். பாலத்துக்கு எவ்வளவு கம்பி போடணும் என்பதற்கு ஓட்டெடுப்பு வேண்டாம்தான். அதைப் பொறியாளர் சொல்லட்டும். ஆனால் பாலம் எங்கே வரணும், யார் வீடு இடிபடணும், அந்தப் பணத்தில் பாலமா பள்ளிக்கூடமா என்பதெல்லாம் கம்பிக் கணக்கு இல்லை. விமானி விமானத்தை ஓட்டட்டும். எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை டிக்கெட் வாங்கினவர்தானே முடிவு பண்ணுவார்? பாராகுவாட் விஷம் என்பதை வேதியியல் சொல்லும். எவ்வளவு விஷத்தை, யார் உடம்பு, யாருடைய லாபத்துக்காகத் தாங்கணும் என்பதை வேதியியல் சொல்லாது. அது நியாயம் பற்றிய கேள்வி. தாங்குகிறவரைக் கேட்காமல் அதற்குப் பதில் எழுதவே முடியாது.

"மக்கள் தப்பா ஓட்டுப் போடுறாங்களே, ஊழல்வாதியெல்லாம் ஜெயிக்கிறானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வல்லுநர் பேச்சைக் கேட்காத அரசியல்வாதியால் வரும் கேடும் சின்னது இல்லை. ஆனால் தேர்தலின் பெரிய பயன், நல்லவரைத் தேடிக் கொடுப்பது மட்டும் இல்லை. தப்பானவரை ரத்தம் சிந்தாமல் இறக்க முடிகிறதே, அதுவும்தான். நாங்கள் கட்டுப்பாட்டுப் பாடத்தில் படிக்கிறோம்: வெப்பம் எவ்வளவு என்று திரும்பச் சொல்லும் கருவி இல்லாத ஏர்கோன் அறையை உறைய வைத்துவிட்டு, தான் நன்றாக வேலை செய்வதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். மக்கள் குரல் அந்தக் கருவி. அதைக் கழற்றிப் போடச் சொல்பவர் நல்ல பொறியாளர்கூட இல்லை.

இந்தக் கேள்வியை நம் நாட்டில் ஒரு தமிழர் முன்பே ஆழமாக ஆராய்ந்திருக்கிறார். 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நம் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு, ஊராட்சி மன்றங்களை ஆராய ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் நடந்த குறைகளை அந்த ஆணையம் மூடி மறைக்கவில்லை. அப்படியிருந்தும், 1968-இல் முடித்த அறிக்கையில், மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவையாகவே இருக்கணும் என்று பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு உறுப்பினர்கள் நியமனம்தான். இன்றைக்கும் சிரம்பான் மாநகர் மன்ற உறுப்பினருக்கு நீங்களோ நானோ ஓட்டுப் போட முடியாது. நியமிக்கப்படுகிறவர்களில் படித்தவர்கள், நல்லவர்கள் இருக்கலாம். ஆனால் அவர்களை இறக்கும் உரிமை நம் கையில் இல்லை. குறை இருக்கிறது என்று தெரிந்தும் தேர்தலே வேண்டும் என்று சொன்ன அந்த நேர்மைதான் என்னை யோசிக்க வைத்தது.

நம் இதிகாசமும் இதைச் சொல்லியிருக்கிறது. சூதாட்ட சபையில் அறிவுக்கு என்ன குறை? பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், கிருபர் இருந்தார். தன்னையே தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று திரௌபதி கேட்டாள். தர்மம் நுட்பமானது என்று சொல்லிப் பீஷ்மர் தயங்கினார். நியாயமான கேள்வி, அந்தச் சபையில் அநியாயத்தைச் சுமந்தவள் வாயிலிருந்துதான் வந்தது. திருக்குறளும், தவறும்போது இடித்துச் சொல்பவர் அரசனுக்கு வேண்டும் என்கிறது. அந்த அரசன் படித்தவனாக இருந்தால் வேண்டாம் என்று அது விதிவிலக்குக் கொடுக்கவில்லை.

நண்பர்களே, நம்மில் நிறைய பேர் பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆகப்போகிறோம். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு அது பெருமைதான். படித்ததை ஊருக்குச் சொல்லுங்கள். கணக்கைப் புரியும்படி விளக்குங்கள். அரசியல்வாதி தப்பாகப் பேசினால் ஆதாரத்தோடு எதிர்த்துப் பேசுங்கள். ஆனால் நம் பட்டத்தை வைத்து இன்னொருவர் வாயை மூடாதீர்கள். "மக்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று யாராவது உங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், அந்த மக்களில் உங்கள் பாட்டியும் உண்டா என்று கேளுங்கள்.

2023 ஆகஸ்ட் 12-ஆம் தேதி நெகிரி செம்பிலான் சட்டமன்றத் தேர்தல். முதல் நாள் ராத்திரியே பஸ் ஏறி வந்துவிட்டேன். காலையில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வந்து, மை வைத்த விரலை என்னிடம் காட்டினார் பாட்டி. அதே கறுத்த நகம். "யாருக்குப் போட்ட பாட்டி?" என்று கேட்டேன்.

"அத ஏன் உன்கிட்ட சொல்லணும்?" என்று சிரித்தார்.