யாருடைய நேரத்தில்?

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு டப்பா நிறையக் கூழ்வடகம் பொரித்துக் கல்லூரிக்கு எடுத்துப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டு வேளையில் துறையின் இளம் ஆசிரியர் ஒருவர் ஒன்றைக் கடித்துவிட்டுக் கேட்டார்: "வீட்டுலயே போட்டதா மேடம்? வகுப்பு, பேப்பர் திருத்துறது, எழுத்து, இதுக்கெல்லாம் நடுவுல எப்படி நேரம் கிடைக்குது?"

"மனசு இருந்தா நேரம் கிடைக்கும்பா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். வீடு திரும்பும் வழியிலேயே அந்தப் பதில் உறுத்தத் தொடங்கிவிட்டது. அது உண்மை இல்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை இரவு ஊறிய அரிசியை அரைத்து வைத்தேன். ஞாயிறு விடியும் முன் எழுந்து உப்பும் பச்சைமிளகாயும் சீரகமும் போட்டுக் கூழ் காய்ச்சினேன். பழைய வேட்டியை நனைத்து மொட்டை மாடியில் விரித்து, வெயில் ஏறுவதற்குள் கரண்டியால் வட்ட வட்டமாக ஊற்றி முடித்தேன். மூன்று மணி நேர வேலை. உண்மையிலேயே சந்தோஷமான மூன்று மணி நேரம். ஆனால் ஊற்றியதோடு வடகம் ஆகிவிடுவதில்லை. காக்கை வராமல் பார்க்க வேண்டும். துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். உரித்ததைத் தட்டுகளில் பரப்பி இன்னும் இரண்டு நாள் காயவைக்க வேண்டும். வானம் கறுத்தால் ஓடிப்போய் எடுக்க வேண்டும். திங்கள் முதல் புதன் வரை நான் கல்லூரியில் இருந்தேன். இத்தனையையும் செய்தவர் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. "கொஞ்சம் பாத்துக்கங்கக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். அந்த மூன்று நாளும் அவர் எத்தனை முறை மாடி ஏறி இறங்கினார் என்று நான் கேட்கவில்லை. அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. காய்ந்த வடகத்தில் ஒரு பை கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சிரித்தார். "நமக்கு எங்கிட்டு டீச்சர் நேரம்? எங்க வீட்டுல எல்லாம் பாக்கெட்டுதான்."

என் வீட்டு வடகத்தைக் காயவைத்தவர் தன் வீட்டுக்குப் பாக்கெட் வாங்குகிறார். இதை எழுதுவதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

வேலைக்குப் போகும் பெண்களிடம் இரண்டு குரல்கள் பேசுகின்றன. எவ்வளவு வேலை இருந்தாலும் வீட்டுச் சாப்பாட்டையும் கைவேலையையும் விட்டுவிடாதே, அதில்தான் ஆரோக்கியமும் அன்பும் மரபும் இருக்கின்றன என்பது ஒன்று. அடுப்படியையும் ஊசிநூலையும் விட்டு வெளியே வா, அவைதான் உன்னைக் கட்டிப்போட்டவை என்பது மற்றொன்று. இரண்டுமே பண்டத்தைப் பார்த்துப் பேசுகின்றன. அது யாருடைய நேரத்தில் செய்யப்பட்டது என்று இரண்டும் கேட்பதில்லை.

நான் பாடம் நடத்தும் இலக்கியத்திலும் இதே மௌனம் உண்டு. குறுந்தொகையின் 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் தயிரைக் கையால் பிசைகிறாள். பிசைந்த விரலைத் துடைத்த சேலையை மாற்றவும் இல்லை. தாளிப்புப் புகை கண்ணில் படிய, தானே துழாவிக் குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட, அவள் முகத்தில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மகிழ்ச்சி. இதைப் பார்த்துவந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். பல ஆண்டுகளாக அந்த மெல்லிய மகிழ்ச்சியில் சொக்கிப்போய்த்தான் இந்தப் பாட்டை நடத்தி வந்தேன். ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அவ சாப்ட்டாளா மேடம்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பாட்டில் அதற்குப் பதில் இல்லை.

கையால் செய்யும் இன்னொரு பெண்ணும் சங்கப் பாட்டில் இருக்கிறாள். பஞ்சைச் சீர்செய்து நூல் நூற்கும் பருத்திப் பெண்டு. நற்றிணை 353ஆம் பாட்டில் நூற்பவர்கள் ஆண் துணை இல்லாத பெண்கள். புறநானூறு 326இல் அவள் இரவில் எழுந்து பருத்தியின் தூசு தும்பைப் புடைக்கிறாள். காட்டுப்பூனைக்கு அஞ்சிக் கதறிய பெட்டைக்கோழி, அவள் ஏற்றிய சிறு விளக்கின் வெளிச்சத்தில் அமைதியடைகிறது. அழகான காட்சிதான். அந்த நேரத்தில் அவள் ஏன் விழித்திருக்கிறாள் என்பதைப் பாட்டும் சொல்வதில்லை, தேர்வு வினாத்தாளும் கேட்பதில்லை. குழம்பு வைத்தவளின் வேலைக்கு அன்பு என்று பெயர். நூற்றவளின் வேலைக்குப் பிழைப்பு என்று பெயர். இரண்டு பேருக்கும் கணக்கில் வராத நேரம் ஒன்றுதான்.

பருத்திப் பெண்டைத் தேடிச் சங்க காலத்துக்குப் போக வேண்டியதில்லை, மதுரையிலேயே பார்க்கலாம். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் தலைமுறைகளாக வாழும் சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை சுங்குடி. துணியில் குறித்த இடங்களில் விரல்நுனியால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சாயத்தில் முக்கிக் காயவைத்து முடிச்சை அவிழ்த்தால், நூல் இறுக்கிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் இன்று கடைகளில் சுங்குடி என்று நாம் வாங்குவதில் பெரும்பகுதி அச்சுப் போட்டது. கைமுடிச்சு அருகிவிட்டது.

முடிச்சுப் போடுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. சமைத்து, துவைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் உட்கார்ந்தபடி செய்வது. "ஓய்வு நேரத்தில் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்பது இத்தகைய எல்லா வேலைகளையும் பற்றிச் சொல்லப்படுவது. அப்பளம் இடுவதற்கும் பூக் கட்டுவதற்கும் பீடி சுற்றுவதற்கும் இதே வாசகம்தான். ஓய்வு நேரம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலியைக் குறைத்துக் கொடுக்க வசதி. ஓய்வு நேரத்தில் வேலை செய்தால் ஓய்வு எப்போது என்று யாரும் கேட்பதில்லை.

கல்லூரியில் ஒருமுறை முடிச்சுப் போடக் கற்றுத்தர ஒரு பெரியம்மாவை அழைத்திருந்தோம். அரைமணி நேரத்தில் ஆளுக்குப் பத்துப் பதினைந்து முடிச்சுப் போட்டிருப்போம். "தியானம் மாதிரி இருக்கும்மா" என்றார் எங்களில் ஒருவர். அவர் கை நிற்கவே இல்லை. "பத்து முடிச்சுக்குத் தியானமாத்தான் இருக்கும் தாயி. ஆயிரம் போட்டா கழுத்து சொல்லும்" என்றார். அன்று மாலை சுங்குடி உடுத்திய மாணவி ஒருத்தி என்னிடம் தனியாகச் சொன்னாள்: "எங்கம்மாவும் முடிச்சுப் போடுவாங்க மேடம். எனக்குத் தெரியும். ஆனா போட மாட்டேன்." கலை அழிகிறதே என்று வருந்தும் கட்டுரைகளை வகுப்பில் படிக்கக் கொடுத்தவள் நான். அவள் மறுப்பு எனக்கு அழிவாகத் தோன்றவில்லை. அவள் அம்மாவுக்குக் கிடைக்காத ஒன்று அவளிடம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு.

கணக்கையும் பார்த்துவிடலாம். 2024இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். 2019இல் இது 299ஆகவும் 97ஆகவும் இருந்தது. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று மகிழ்வதற்குள், ஆண்களும் தங்கள் பங்கில் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். அந்த 289 நிமிடத்துக்கு மேல்தான் நமக்கு வடகமும் ஊறுகாயும் பூவேலைத் தலையணை உறையும் கேட்கிறது முதல் குரல்.

வீட்டுவேலைக்குக் கூலி வேண்டும் என்று 1970களில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் இயக்கம் நடத்தினார்கள். அவர்களில் ஒருவரான சில்வியா ஃபெடரிச்சி 1975இல் எழுதிய சிறுநூல், இந்த வேலையைப் பெண்ணின் இயல்பாக மாற்றியதால்தான் அதைக் கூலியில்லாமல் வாங்க முடிகிறது என்று வாதிட்டது. 2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு உரிமைத் தொகை என்று பெயரிட்டது. 289 நிமிடத்துக்கு அது ஈடாகாது. ஆனால் 'உதவி' என்று சொல்லாமல் 'உரிமை' என்று சொன்னது சிறிய விஷயமில்லை. 1959இல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஒரு மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத். அப்பளமும் மாடியும் வெயிலும் நம்முடையவைதான். கணக்குப் புத்தகம் மட்டும் அந்தப் பெண்களின் கையில் இருந்தது.

கைமணம் என்ற சொல்லை நாம் மிக அன்போடு பயன்படுத்துகிறோம். அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. பள்ளிக் குழந்தைகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில் தொடங்கியது. எத்தனையோ தாய்மார்களின் விடிகாலைப் பரபரப்பை அது குறைத்திருக்கிறது. அடுத்த ஆண்டே கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். வீட்டுச் சாப்பாடுதான் சுத்தம் என்று நாம் சொல்லும்போது அந்தச் 'சுத்தம்' எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். யார் கை மணக்கும், யார் கை தீட்டு என்பதை நாக்கு முடிவு செய்வதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா? என் அம்மாவிடமிருந்துதான் எனக்குப் பதில் கிடைத்தது. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் ஆண்டுதோறும் படி படியாக வடகம் போட்டவள். அப்பா இறந்த பிறகு போடவே இல்லை. துக்கம் என்று நினைத்திருந்தேன். சில ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது சாதாரணமாகச் சொன்னாள்: "எனக்கு வடகமே பிடிக்காதுடி. உங்கப்பாவுக்கு அது இல்லாம சோறு இறங்காது." முப்பது ஆண்டுகள் அவள் கைமணத்தைப் புகழ்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒருநாளும் அவள் தட்டைப் பார்த்ததில்லை. அந்த மாணவியின் கேள்வி என் வீட்டிலேயே கிடந்திருக்கிறது.

இப்போது அம்மா வயர்கூடை பின்னுகிறாள். நெல்லிக்காய் முடிச்சு, சிவன்கண் எல்லாம் எழுபது வயதில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கற்றது. பாதி பின்னிய கூடைகள் கட்டிலுக்கடியில் நாலைந்து கிடக்கும். பச்சை வயர் பிடிக்கவில்லை என்று ஒன்றை அப்படியே போட்டுவிட்டாள். ஏன் முடிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் அவள் சட்டை செய்வதில்லை. பாதியில் விட்டதற்கு யாரிடமும் பதில் சொல்ல வேண்டாத வேலை அவள் வாழ்க்கையில் அதுதான் முதல். ஒரு வேலை என்னுடையதா, என்மேல் வைக்கப்பட்டதா என்று இப்போது இப்படித்தான் பார்க்கிறேன்: இதை நான் பாதியில் விட முடியுமா? விட்டால் அந்த மீதியை எந்தப் பெண் செய்ய வேண்டியிருக்கும்?

இந்த ஆண்டும் வடகம் போட்டேன், பாதி அளவு. காக்கை விரட்டப் பிளஸ் ஒன் படிக்கும் மகனை உட்காரவைத்தேன். ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான், கால்வாசி காக்கைக்குப் போனது. போகட்டும் என்று விட்டேன். சென்ற ஆண்டின் மூன்று நாள் வேலைக்கான பணத்தை அக்காவிடம் கொடுத்தேன். "எதுக்கு டீச்சர் இப்ப?" என்றார். சொன்னேன். எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. "தினமும் ரெண்டு மணி நேரம் சும்மா கிடைச்சா என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டேன். ஏதாவது கைவேலையைச் சொல்வார் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்திருக்க வேண்டும்.

"தூங்குவேன் டீச்சர்" என்றார்.

துறை அறையில் அதே இளம் ஆசிரியர் இந்த ஆண்டும் வடகத்தை எடுத்துக்கொண்டார். "போன வருஷம் நேரம் எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டியேப்பா, கிடைக்கல. எங்க வீட்டுக்கு வர்ற அக்காகிட்ட இருந்து எடுத்துக்கிட்டேன்" என்றேன். அவர் கடிப்பதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, தன் இரண்டு வயது மகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார்.