இறங்காத கை

செங்கோட்டை பாசஞ்சரில், சித்திரை வெயில் உச்சிக்கு ஏறிய வேளையில் நடந்த ஓர் அற்ப சம்பவம், அதைவிடப் பெரிய விஷயங்களெல்லாம் மறந்துபோன பிறகும் என்னை விடமாட்டேன் என்கிறது. எதிர் இருக்கையில் ஒரு தாய், மடியில் உறங்கும் குழந்தை. அவர்கள் பக்கத்து ஜன்னலின் ஷட்டருக்குக் கொண்டி பழுது. ஏற்றிவிட்டால் அடுத்த குலுக்கலில் தடாலென்று விழும். திருமங்கலம் தாண்டியதும், என் பக்கத்து ஜன்னலோரம் இருந்த பெரியவர், யாரும் கேட்காமலே கையை நீட்டி அதைத் தாங்கிக்கொண்டார். ராஜபாளையத்தில் அந்தப் பெண், “வாறேன் தாத்தா” என்று எழுந்தாள். “புள்ளய பாத்து எறக்கு தாயி” என்றார் அவர். ஆனால் கை மட்டும் இறங்கவில்லை. காலியான இருக்கைக்குக் காற்று வரும்படி, சங்கரன்கோவில் வரையில் அந்த ஷட்டரைத் தாங்கியபடியே வந்தார். அவருடைய ஜன்னலோ திறந்தேதான் இருந்தது.

இன்று தொழிற்பேட்டையும் சுங்கச்சாவடியுமாக மாறிவிட்ட கப்பலூர், மானாவாரிக் காடுகளாகக் கிடந்த என் பால்யத்தில், கரி என்ஜின் கக்கிய தூசி கண்ணில் விழ நாங்கள் பிரயாணம் செய்த நாட்களில், என் தகப்பனார் திருமங்கலத்தில் முண்டியடித்து ஏறி, ஏறிய மறுகணமே வாசலை மறித்து நின்று, “இங்க எடமில்ல, அடுத்த பெட்டிக்குப் போங்க” என்று கீழே நிற்பவர்களை விரட்டுவார். அதே மனிதர், அதையும் மீறி ஏறிவிட்டவர்களுக்குக் கள்ளிக்குடி வருமுன் எங்கள் கட்டுச்சோற்றில் பங்கு கொடுப்பார். என் தாயாருக்கு அதில் கோபம். விரட்டியதற்கா, கொடுத்ததற்கா என்பது எனக்கு விளங்கியதில்லை. 1917-ல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தியடிகளும், 22 பேருக்கென்று எழுதியிருந்த பெட்டியில் சில சமயம் 35 பேர் வரை அடைந்துகிடந்ததையும், புனாவரை கூட்டம் மிகாமலிருந்தது துணிச்சல்காரர்கள் பிறரை ஏறவிடாமல் தடுத்ததனால்தான் என்பதையும் எழுதியிருக்கிறார். அந்தத் துணிச்சல்காரர்களும் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தபோது என்ன செய்தார்களோ!

மகாபாரதத்தில், சாந்தி பர்வத்தில் என்று ஞாபகம், சமுத்திரத்தில் மிதக்கும் இரண்டு கட்டைகள் கூடிப் பிரிவதைப் போன்றதே மனிதர்களின் சந்திப்பு என்று வருகிறது. ரயில் சிநேகத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமானம் இல்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அது பாதி வழிதான் வருகிறது. கட்டைக்குக் கை கிடையாதே! பிரிவு நிச்சயம் என்று தெரிந்தும், பிரதிபலன் இல்லை என்று தெரிந்தும், இன்னொருவர் தூக்கத்துக்காகத் தோள் வலிக்க உட்கார்ந்திருப்பதை எந்த அலையின் கணக்கில் எழுதுவது? ஒருவேளை, எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுச் சின்னஞ்சிறு ஸ்டேஷன்களிலெல்லாம் காத்துக்கிடக்கும் வண்டியில், விரட்டியவனுக்கும் வெட்கப்பட அவகாசம் கிடைத்துவிடுகிறதோ என்னவோ.

ஆனால் இதெல்லாம் ராஜபாளையம் வரைக்கும்தான் செல்லும். அதற்கப்பால் அந்தக் கை யாருக்காக உயர்ந்திருந்தது? இனி ஏறப்போகிறவர்களுக்காக என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகே எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. வெறும் மறதியாகவும் இருக்கலாம். மறந்தபின்னும் நிற்கிற உபகாரம் உபகாரமா, பழக்கமா என்பது வேறு வழக்கு. அவரிடமே கேட்டிருக்கலாமே என்பார்கள். கேட்டிருந்தால், தம் கையைத் தாமே அப்போதுதான் பார்த்தவர்போல் சட்டென்று இறக்கியிருப்பார் என்று தோன்றுகிறது. அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.