பயனை அளப்பவர் யார்?

வினை சடமாதலின் தன்னைச் செய்தவனை நாடிச் சென்று பயன் தர அறியாது. ஆகவே சித்தாகிய இறைவனே அவரவர் வினையை அளந்து அவரவர்க்கு ஊட்டுகிறான் என்பது சைவ சித்தாந்தத்தின் நிலை. அளத்தலைப் பற்றிய இந்தப் பழைய விசாரணைக்கு, செயற்கை நரம்பு வலைகளைப் பரிணாம முறையில் வளர்த்து ரோபோக் கூட்டங்களை இயக்கும் இக்கால ஆராய்ச்சி ஓர் அரிய சாட்சியத்தைக் கொணர்ந்திருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் டாரியோ ஃப்ளோரியானோ, லாரன் கெல்லர் முதலியோர் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. உணவெனக் குறித்த பொருளும் விஷமெனக் குறித்த பொருளும் ஒரே செவ்வொளி வீச, அருகே சென்றாலன்றி எது எதுவெனத் தெரியாத களத்தில், நீல விளக்கை ஏற்றவும் அணைக்கவும் வல்ல ரோபோக்கள் விடப்பட்டன. எப்போது ஏற்றுவது என்பதை எவரும் கற்பிக்கவில்லை. வலையின் இணைப்பு எடைகளே மரபணுக்களாக, உணவருகே நெடுநேரம் நின்றவற்றின் மரபணுக்களைக் கலந்தும் சிறிதே மாற்றியும் 500 தலைமுறைகள் தோற்றுவிக்கப்பட்டன. ஒரே மரபினர் சேர்ந்த கூட்டங்களிலும், கூட்டம் முழுவதன் ஈட்டத்தையும் ஒன்றாக எடையிட்ட இடங்களிலும் விளக்கு மெய்யான சமிக்ஞையாயிற்று. அந்நியரைக் கலந்து ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிட்ட கூட்டங்களிலோ, உணவுக்குத் தொலைவில் விளக்கேற்றிப் பிறரை அங்கே இழுக்கும் வஞ்சனை தோன்றிற்று.

வஞ்சிக்க விழையும் சித்தம் எதுவும் இல்லாத இடத்தில் வஞ்சனை பிறந்ததே என்னைத் திகைக்க வைக்கிறது. அறிவை மறைக்கும் மாசாகிய ஆணவ மலம் உயிரைப் பற்றியது. இந்தச் சடப்பொருள்களுக்கு அது ஏது? உறவும் அளவுகோலும் மட்டுமே மாறின. இறைவனும் தனித்தனியே அளக்கிறானே எனில், அவன் அளப்பது அந்த மலம் பரிபாகமுற்று நீங்கும் பொருட்டு. ஆய்வுக்களத்து அளவோ சந்ததி பெருகுவதற்கு மட்டுமே.

மனிதர் அளக்கும் அளவுகளுக்கு அந்தப் பரிசுத்தம் இல்லை. கும்மிடிப்பூண்டி வட்டாரத்துத் தேர்வாய் கண்டிகையில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் சிப்காட் தொழில் வளாகமாக்கப்பட்டபோது, அது தங்கள் ஊர்ப்பொது மேய்ச்சல் காடென்று கூறி மக்கள் எதிர்த்துப் போராடினர். டயர் ஆலை வந்தது. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து, சென்னையின் குடிநீருக்கென 50 கோடி கன அடி கொள்ளளவுள்ள நீர்த்தேக்கமும் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. தொழிலும் குடிநீரும் நன்மைகளே, மேய்ச்சலும் அப்படியே. ஆய்வில் எவை எவை ஒரே கூட்டம் என்பதை ஆய்வாளர் வகுத்தனர். இங்கே அதை வகுப்பவர்கள் நாம். மாடு மேய்ப்பவரையும் பட்டணத்தில் குழாயைத் திறப்பவரையும் ஒரே கூட்டமாக வைத்து எடையிடாத கணக்கை, தர்மத்தின் கணக்காக என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.